இங்கிலீஷ்ல 'பிகம்' (become)னு எங்க எழுதணும், எங்க எழுதக்கூடாது? எஸ்பிஎம் பிள்ளைங்களுக்காகக் கேக்குறேன்

டியூஷன்_அக்கா எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நம்ம பத்தாங் பெர்ஜுந்தையில கோயில் மண்டபத்துல ஃபோர்ம் ஃபோர், ஃபோர்ம் ஃபைவ் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்குறேன், முக்காவாசி சுத்துவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைங்கதான். எஸ்பிஎம் (ஃபோர்ம் ஃபைவ் முடிவுல எழுதுற மலேசிய அரசாங்கப் பரீட்சை) இங்கிலீஷ் ரெண்டாவது பேப்பர்ல கடைசிப் பகுதி இருக்குல்ல, 200லேந்து 250 வார்த்தைக்குள்ள எழுதணுமே, அதைத் திருத்த உக்காந்தா ஒரே வினைச்சொல்லு எல்லா நோட்டுலயும் தப்பான எடத்துல வந்து நிக்குது. பிகம். இந்த வாரம் பாத்ததை அப்படியே போடுறேன்.

"மை சிஸ்டர்ஸ் மேரேஜ் பிகேம் லாஸ்ட் இயர்."
"தி டைம் பிகேம் லேட் சோ வி வென்ட் ஹோம்."
"தி ட்ரிப் டு பினாங் டிட் நாட் பிகம்."
"ஹி பிகேம் மீ ஆங்ரி."
"ஐ பிகேம் டு நோ தி ட்ரூத்."

பிள்ளைங்க அசட்டையா எழுதல, யோசிச்சுதான் எழுதுறாங்க. வீட்டுல 'ஆச்சு'ம்பாங்க, பள்ளிக்கூடத்துல மலாய்ல 'ஜாடி', 'மெஞ்சாடி'ம்பாங்க, அகராதியப் பொரட்டுனா ரெண்டுக்கும் நேரா பிகம்னு போட்டுருக்கு, அதை நம்பி எழுதிடுறாங்க. சிவப்புல கோடு போட்டு விட்டுட்டா பத்தாது, ஏன் தப்புன்னு தமிழ்லயே வெளக்கணும்னு நெனைக்கிறேன், ஏன்னா தப்பு பொறக்குற எடமே தமிழும் மலாயும்தான். இங்க டீச்சரா இருந்தவங்க, ஆபீஸ்ல எழுதிப் பழகுனவங்க இருக்கீங்க, தெரிஞ்சதைச் சொல்லுங்க.

லோரிக்காரன் எழுதியது:

அக்கா அந்த பினாங் ட்ரிப் நம்ம வாயில தெனமும் வர்றதுதானே. 'ட்ரிப் தக் ஜாடி', அதாவது ட்ரிப் நடக்கல. நான் செம்பனைக் கொலை ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போறவன், கிராணி (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்) ஃபோன் பண்ணி 'இன்னிக்கு தக் ஜாடி'ன்னா வண்டியத் திருப்பிருவேன். இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?

டெஸல்_மாணவி எழுதியது:

அண்ணே, சும்மா நடக்கலன்னா 'தி ட்ரிப் டிடின்ட் ஹேப்பன்'. யாராவது நிறுத்திட்டாங்கன்னா 'வாஸ் கால்ட் ஆஃப்'. போறதா இருந்து கலைஞ்சு போச்சுன்னா 'ஃபெல் த்ரூ'. பிகம் இங்க வராது.

மொத சங்கதியே அதுதான், பிகம் தனியா நிக்காது. மலாய் ஜாடி தனியா நிக்கும், தமிழ் ஆச்சும் தனியா நிக்கும், 'வேலை ஆச்சா?'ன்னு கேட்டா 'ஆச்சு'ன்னு ஒத்தைச் சொல்லுல பதில் சொல்லிட்டுப் போயிருவோம். பிகம் வந்தா அதுக்குப் பின்னாடி 'என்னவா ஆச்சு, எப்படி ஆச்சு'ன்னு ஒரு சொல்லு வந்தே ஆகணும், ஒண்ணு பேர்ச்சொல், இல்ல பண்புச்சொல். 'ஷி பிகேம் எ நர்ஸ்', 'ஷி பிகேம் ஃபேமஸ்'. அக்கா போட்டதுல மேரேஜ் வாக்கியமும் ட்ரிப் வாக்கியமும் இந்தக் கோளாறுதான். கல்யாணம் ஆச்சுன்னா 'காட் மேரிட்'.

'ஹி பிகேம் மீ ஆங்ரி' வேற கணக்கு. தமிழ்ல ஆகு, ஆக்கு ரெண்டு இருக்கு இல்லையா, சோறு ஆச்சு, அம்மா சோறு ஆக்குனாங்க. பிகம் வெறும் 'ஆகு' மட்டும்தான், 'ஆக்கு' கெடையவே கெடையாது. ஒருத்தரை இன்னொருத்தர் ஏதோ ஒண்ணா ஆக்குனா மேக் வரணும், 'ஹி மேட் மீ ஆங்ரி'. இதைப் பிள்ளைங்க கிட்ட ஆகு ஆக்குன்னு சொன்னா ஒரே நிமிஷத்துல புடிச்சுக்குவாங்க, தமிழ்ப் பள்ளியில தன்வினை பிறவினை படிச்சவங்கதானே.

பழைய_கிராணி எழுதியது:

நல்லா சொன்னம்மா. நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா இருந்தவன், துரைமாருக்கு லெட்டர் அடிச்சுக் குடுத்தே காலம் போச்சு. பிள்ளைங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், பின்னாடி பேர்ச்சொல் வந்தா பிகமைக் கண்ண மூடிக்கிட்டு எழுதலாம். பதவி, தொழிலு, ஊர் பேரு, நாட்டோட நெலம, இதெல்லாம் பிகமோட சொந்த எடம். நம்ம சரித்திரத்தையே வச்சுச் சொல்லிக் குடுக்கலாம், அதுல எத்தனை பிகேம் இருக்கு பாருங்க:

1957ல மலாயா சுதந்திர நாடு ஆச்சு, 'மலாயா பிகேம் அன் இன்டிபென்டன்ட் கன்ட்ரி இன் 1957'. 1955ல துன் வீ. தி. சம்பந்தன் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) தலைவர் ஆனாரு, 'ஹி பிகேம் பிரசிடென்ட் ஆஃப் தி எம்ஐசி'. கோலாலம்பூர் 1972ல மாநகர் ஆச்சு, 1974ல கூட்டரசுப் பிரதேசம் ஆச்சு. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972ல போர்ட் கிள்ளான் ஆச்சு, தெலுக் ஆன்சன் 1982ல தெலுக் இந்தான் ஆச்சு, நம்ம ஊரே 2007ல பெஸ்தாரி ஜெயா ஆச்சு, நாமதான் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னே சொல்லிக்கிட்டு இருக்கோம். இது எல்லாத்துக்கும் பிகேம் கச்சிதமா பொருந்தும். இந்த எடத்துல கெட் போட்டுப் பாருங்க, 'ஹி காட் எ டாக்டர்'னா டாக்டரைக் கூட்டிட்டு வந்தான்னு அர்த்தம் ஆயிரும், டாக்டர் ஆனான்னு ஆகாது.

அப்புறம் அந்த 'எ', 'அன்'. தமிழ்லயும் கெடையாது மலாய்லயும் கெடையாது, அதனால நம்ம பிள்ளைங்க 'ஹி பிகேம் டாக்டர்'னு எழுதிருவாங்க. டாக்டர்னா ஆயிரம் பேர் இருக்காங்க, அதுல ஒருத்தர், அதனால 'எ டாக்டர்'. ஒரு சங்கத்துக்கு ஒரே தலைவர்தான், அந்த மாதிரி ஒத்தைப் பதவிக்கு 'எ' வேணாம், 'பிகேம் பிரசிடென்ட் ஆஃப்'னு நேரா எழுதலாம்.

ஃபோர்ம்5_பிள்ளை எழுதியது:

ஐயா ஊர் பேரு எக்ஸாம்பிள் ரொம்ப நல்லா இருக்கு, நான் எழுதி வச்சுக்கிட்டேன். பண்புச்சொல் வந்தா என்ன பண்றது? எங்க கிளாஸ்ல எல்லாரும் பிகேம் சேட், பிகேம் டயர்ட், பிகேம் ஹங்ரின்னு எழுதுறோம். அது தப்பா?

டெஸல்_மாணவி எழுதியது:

தப்பு இல்ல தம்பி, ஆனா எல்லாத்துக்கும் அதையே போட்டா படிக்கிறவங்களுக்குக் கட்டையா தெரியும், சில எடத்துல நெஜமாவே தப்பாவும் ஆயிரும். பண்புச்சொல்லுன்னு வந்துட்டா இங்கிலீஷ்காரங்க மாற்றத்தை வகை வகையா பிரிச்சு வச்சிருக்காங்க, கெட், கோ, கம், டர்ன், க்ரோ, ஃபால், ரன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை.

இதுல நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நெனைச்சது, இந்தப் பிரிவு நமக்குப் புதுசே இல்ல. நாமளும் எல்லாத்துக்கும் ஆச்சுன்னு சொல்றது கெடையாது. வாழப்பழம் என்ன ஆச்சு? அழுகிப் போச்சு. மீன் கொழம்பு? கெட்டுப் போச்சு. கை? மரத்துப் போச்சு. கண்ணு? போச்சு. எல்லாத்துலயும் 'போ' வருது. இப்ப இங்கிலீஷ்ல பாரு, 'தி பனானாஸ் வென்ட் ராட்டன்', 'தி கறி ஹேஸ் கான் பேட்', 'மை ஹேண்ட் வென்ட் நம்', 'ஹி வென்ட் பிளைண்ட்'. அங்கயும் போ தான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்குற ரெண்டு பாஷை, ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கெடையாது, ஆனா ஒரு பொருளு கெட்டா ரெண்டு பேரும் 'போச்சு'ங்குறாங்க. இதை எந்த கிராமர் புக்கும் நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றது இல்ல, அவங்களுக்குப் பாட்டி வாயாலயே தெரிஞ்ச விஷயத்தைப் புதுப் பாடமா மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க.

பசார்_ஆண்டி எழுதியது:

சரியா சொன்னே மகளே. நான் காலையில நாசி லெமாக் போடுறேன், வெயில்ல வச்சா சம்பால் ஊசிப் போயிரும். இது என்னன்னு சொல்லுவாங்க? அப்புறம் பால் திரிஞ்சு போறது?

டெஸல்_மாணவி எழுதியது:

ஊசிப் போச்சுன்னா 'இட் ஹேஸ் கான் ஆஃப்' ஆண்டி, சாப்பாட்டுக்குன்னே இருக்குற சொல்லு. புளிச்சுப் போச்சுன்னா 'கான் சவர்'.

பால் திரிஞ்சதுக்கு 'தி மில்க் ஹேஸ் டர்ன்ட்'. டர்ன்னா திரும்புறது, நம்ம 'திரி'க்கும் மாறுறது, முறுக்குறதுன்னு பொருள் உண்டு. பால் விஷயத்துல ரெண்டு பாஷைக்காரங்களும் ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. சாந்தான் (தேங்காப்பால்) கொதிச்சு திரிஞ்சா அதுக்கு 'ஸ்ப்ளிட்'னு சொல்லுவாங்க.

டர்னுக்கு நெறமும் வயசும் சொந்தம். 'தி லீவ்ஸ் டர்ன்ட் யெல்லோ', 'ஷி டர்ன்ட் செவன்டீன்'. வானிலைக்கும் வரும், 'இட் டர்ன்ட் கோல்ட்'. பேர்ச்சொல்லுக்கு டர்ன் போடணும்னா 'டர்ன்ட் இன்டு', கம்பளிப்பூச்சி பட்டாம்பூச்சி ஆனா 'டர்ன்ட் இன்டு எ பட்டர்ஃப்ளை'. ஆனா 'ஹி டர்ன்ட் டிரெய்ட்டர்'னு ஒண்ணு இருக்கு, துரோகி ஆயிட்டான், அதுல 'எ' வராது, கிராணி ஐயா சொன்னதுக்கு நேர் எதிர். பேப்பர்ல 'டீச்சர் டர்ன்ட் பொலிட்டிஷியன்'னு போடுவாங்களே, அதே வகை.

தென்னமரத்துப்_பையன் எழுதியது:

மாணவி, ஒரு விஷயத்துல எனக்கு ஒத்து வரல. போச்சுன்னா கோ, சரி, ஆனா நாம 'களைச்சுப் போச்சு', 'பயந்து போய்ட்டேன்', 'பழகிப் போச்சு', 'சலிச்சுப் போச்சு'ன்னும்தானே சொல்றோம். 'ஐ வென்ட் டயர்ட்'னு ஒரு பிள்ளை எழுதுனா யாரு பொறுப்பு? 'செத்துப் போய்ட்டாரு'ன்னும் சொல்றோம், 'ஹி வென்ட் டெட்'னு எழுத முடியுமா? இப்படி பாதி பொருந்துற விதியச் சொல்லிக் குடுத்தா பிள்ளைங்க பரீட்சையில மாட்டிக்குவாங்க.

டெஸல்_மாணவி எழுதியது:

கேக்க வேண்டிய கேள்விதான் அண்ணே. முழுசா பொருந்தாது, எங்க பொருந்தும்னு பாக்கலாம்.

1974ல ஈவ் கிளார்க்னு ஒரு மொழியியல் ஆய்வாளர் கம், கோ ரெண்டையும் பத்தி ஒரு கட்டுரை எழுதுனாங்க. வழக்கமான நெலமைக்குள்ள வந்தா கம், வழக்கமான நெலமைய விட்டு வெளிய போனா கோ, அதுதான் சாரம். 'ஹி வென்ட் மேட்', அப்புறம் 'ஹி கேம் டு ஹிஸ் சென்ஸஸ்'. நாம என்ன சொல்றோம், புத்தி கெட்டுப் போச்சு, அப்புறம் புத்தி வந்துச்சு. நெனவு போச்சு, நெனவு வந்துச்சு. ஒரு பையனைப் பத்தி பாட்டிமாருங்க பேசுறதைக் கேளுங்க, 'இவன் நல்லா வருவான்', 'அவன் கெட்டுப் போவான்'. நல்லது நம்ம பக்கம் வருது, கெட்டது நம்மள விட்டுப் போகுது. 'மை ட்ரீம் கேம் ட்ரூ'ன்னு கம் வர்றதும், 'எவ்ரிதிங் வென்ட் ராங்'னு கோ வர்றதும் இதே கணக்குதான்.

அதனால கோவுக்கு நான் வைக்கிற எல்லை இது: திரும்பி வர்றது கஷ்டமான கேடு, பொருளோ ஒடம்போ தன்னோட நல்ல நெலமைய விட்டு நழுவுறது. பேட், சவர், ராட்டன், பிளைண்ட், டெஃப், பால்ட், மேட், பேங்க்ரப்ட், மிஸ்ஸிங். பசி, களைப்பு, பயம், கோவம் இதெல்லாம் வந்து போறது, சாப்பிட்டா தீந்துரும், தூங்குனா தீந்துரும், அதுக்கு கெட். 'காட் டயர்ட்', 'காட் ஹங்ரி', 'காட் ஸ்கேர்ட்'. பழகிப் போச்சு 'காட் யூஸ்ட் டு இட்', சலிச்சுப் போச்சு 'காட் ஃபெட் அப்'. சாவுக்கு டை தனி வினையா இருக்கு, அது இருக்கும்போது வேற எதுவும் தேவையில்ல.

தென்னமரத்துப்_பையன் எழுதியது:

வந்து போறதுக்கு கெட், நழுவிப் போறதுக்கு கோ. இது மனசுல நிக்கும். இப்படிச் சொல்லிக் குடுங்க, ஒத்துக்குறேன்.

லோரிக்காரன் எழுதியது:

லோரிக்கு? பேட்டரி போச்சு, கிளட்ச் போச்சுன்னு சொல்றோமே. நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் 'ஸ்பாயில் ஆல்ரெடி'ம்பாங்க.

தென்னமரத்துப்_பையன் எழுதியது:

அண்ணே நான் ஒர்க்ஷாப்ல இருக்கேன், இதுக்கு நானே சொல்றேன். இங்கிலாந்துக்காரங்க பேச்சுல 'தி கிளட்ச் ஹேஸ் கான்', 'தி பல்ப் ஹேஸ் கான்'னு அப்படியே சொல்லுவாங்க, கிளட்ச் போச்சு, பல்ப் போச்சு, அச்சு அசல் நம்ம பேச்சு. டயர் காத்து எறங்குனா 'வென்ட் ஃப்ளாட்'. பேட்டரி 'வென்ட் டெட்'. நான் மேல கேட்டேன்ல 'வென்ட் டெட்' வருமான்னு, மனுஷனுக்கு வராது, பேட்டரிக்கும் ஃபோன் லைனுக்கும் வரும். வண்டி வழியில நின்னா 'ப்ரோக் டவுன்'. ஸ்பாயில் சாப்பாட்டுக்கும் செல்லம் குடுத்து கெடுத்த பிள்ளைக்கும்தான், லோரிக்கு எழுதாதீங்க. பேசுறப்ப பரவால்ல, இங்க எல்லாருக்கும் புரியும், பரீட்சையில எழுதுனா மார்க் போயிரும்.

பழைய_கிராணி எழுதியது:

கெட் பத்தி ஒரு வார்த்தை. எங்க காலத்துல கட்டுரையில கெட் எழுதுனா டீச்சர் நோட்டைத் தூக்கி வீசுவாரு. அது பேச்சுச் சொல்லு, எழுத்துக்கு ஆகாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. இப்ப நீங்கல்லாம் கெட் கெட்டுன்னு எழுதச் சொல்றது எனக்கு மனசு ஒப்பல. 'தி சிச்சுவேஷன் காட் சீரியஸ்'னு ஒரு ரிப்போர்ட்ல எழுதுனா அழகா இருக்கா?

டியூஷன்_அக்கா எழுதியது:

ஐயா, ரிப்போர்ட்ல நீங்க சொல்றதுதான் சரி, 'பிகேம் சீரியஸ்'தான் எழுதணும். ஆனா இப்ப பேப்பர் மாறியிருக்கு, மொதப் பகுதி 80 வார்த்தைக்கு நண்பனுக்கு எழுதுற ஈமெயில், அதுல ஒரு பையன் 'ஐ பிகேம் ஹங்ரி'ன்னு எழுதுனா கூட்டாளி கிட்ட பேசுற மாதிரியே இருக்காது, 'காட் ஹங்ரி'தான் இயல்பு. கடைசிப் பகுதியில ஒரு கட்டுரை மாதிரி எழுதும்போது பிகமைக் கொஞ்சம் கூட்டலாம். ஒரே பிள்ளைக்கு ரெண்டும் தெரியணும், யாருக்கு எழுதுறோம்னு பாத்து எடுக்கத் தெரியணும். கெட்டைத் தடை பண்ணி வளத்ததாலதான் எல்லாத்துக்கும் பிகம் போடுற பழக்கமே வந்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன்.

நேரத்தைப் பத்தியும் சொல்லிடுறேன், பிள்ளைங்க அதிகம் தப்பு பண்றது அங்கதான். நம்ம ஆச்சு நேரத்துக்கு வந்தா பிகம் பக்கமே போகக்கூடாது. நேரமாச்சு, 'இட்ஸ் கெட்டிங் லேட்'. பத்து மணி ஆச்சு, 'இட்ஸ் டென் ஆல்ரெடி'. பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு, 'இட்ஸ் பீன் டூ இயர்ஸ்'. கடையில எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா 'ஹவ் மச் இஸ் இட்'. வேலை ஆச்சா, 'இஸ் இட் டன்'. அஞ்சு ஆச்சுக்கு அஞ்சு விதமா வருது, எதுலயும் பிகம் இல்ல.

ஃபோர்ம்5_பிள்ளை எழுதியது:

அக்கா, 'பிகேம் டு நோ' ஏன் தப்புன்னு யாரும் சொல்லல. 'ஹேஸ் பிகேம்'னு எழுதுனதுக்கும் கோடு போட்டுட்டீங்க.

டியூஷன்_அக்கா எழுதியது:

பிகமுக்குப் பின்னாடி டு போட்டு இன்னொரு வினை வராது, அவ்வளவுதான். தெரிய வந்துச்சு, அதுல 'வந்து' இருக்குல்ல, அதனால கம். 'ஐ கேம் டு நோ தி ட்ரூத்', பேச்சுல 'ஐ ஃபவுண்ட் அவுட்' இன்னும் இயல்பு. போகப் போகப் புடிச்சிருச்சுன்னா 'ஐ க்ரூ டு லைக் இட்', க்ரோவுக்கு டு வரும். க்ரோ மெதுவா நடக்குறதுக்கு, 'க்ரூ ஓல்ட்', 'க்ரூ டால்'. திடீர்னு ஒரு நெலமைக்குள்ள சரிஞ்சு விழுந்தா ஃபால், 'ஃபெல் அஸ்லீப்', 'ஃபெல் இல்', நாமளும் நோயில விழுந்துட்டாருன்னுதானே சொல்றோம். கெணறு வத்துனா 'ரன் டிரை'.

ஹேஸ் விஷயம் பிகம், பிகேம், பிகம். மூணாவது உருவம் மொதலுக்கே திரும்பிரும், கம், கேம், கம் மாதிரி. அதனால 'ஹேஸ் பிகம்'.

பழைய_கிராணி எழுதியது:

கம் மாதிரின்னு சொன்னீங்களே, அது வெறும் ஒத்துமை இல்ல, பிகமுக்குள்ளயே கம் இருக்கு. பழைய இங்கிலீஷ்ல பிகூமன், அதுக்கு ஒரு எடத்துக்கு வந்து சேருறதுன்னு அர்த்தம், எடத்துக்கு வந்து சேருறது போய் நெலமைக்கு வந்து சேருறதா மாறிருச்சு. முன்ன காலத்துல கம், கோ, பிகம் மாதிரி வினைக்கெல்லாம் ஹேஸ் போடாம இஸ் போடுவாங்க, 'ஹி இஸ் கம்', 'ஹி இஸ் பிகம்'. ஈஸ்டர் அன்னிக்கு சர்ச்ல 'கிறைஸ்ட் இஸ் ரிசன்'னு சொல்றாங்களே, அந்தப் பழைய வழக்கம்தான் அங்க தங்கி நிக்குது. 'ஹி இஸ் கான்' இன்னும் பேச்சுல இருக்கு. ஆனா தம்பி, 'ஐ ஆம் பிகம்'னு பரீட்சையில எழுதிடாத, அது இப்ப வழக்குல இல்ல.

பிகமிங்னு ஒரு பண்புச்சொல்லும் உண்டு, பொருத்தமா, எடுப்பா இருக்குன்னு அர்த்தம், 'தட் சாரி இஸ் வெரி பிகமிங்'. எதிர்ச்சொல் அன்பிகமிங். ஒழுங்கு நடவடிக்கை லெட்டர்ல 'கான்டக்ட் அன்பிகமிங்'னு வரும், பதவிக்குத் தகாத நடத்தைன்னு அர்த்தம். நானே எத்தனையோ தடவை அடிச்ச வார்த்தை.

தென்னமரத்துப்_பையன் எழுதியது:

ஐயா, ஜெர்மன்ல பெகோமன்னு அதோட உடன்பிறப்பு இருக்கு, ஆனா அங்க அர்த்தம் 'கெடைக்குறது, வாங்கிக்குறது'. அதனால இங்கிலீஷ் படிக்குற ஜெர்மன்காரங்க 'ஐ பிகம் எ ஸ்டேக்'னு கடையில கேட்டுருவாங்க, எனக்கு ஒரு ஸ்டேக் வேணும்னு நெனைச்சு. ஆக தாய்மொழியில இருக்குற ஒரு சொல்லு இங்கிலீஷ் பிகமை இழுத்துட்டுப் போறது நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் நடக்குறது இல்ல.

இன்னொண்ணு, நான் தென்னமரம் தோட்டத்துக்குப் பக்கத்துல பொறந்தவன். 1917ல ஆன்றி ஃபோக்கோன்யேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நம்ம நாட்டுலயே மொத வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது அங்கதான், ஆனா பால்மரமா இருந்து செம்பனையா மாறுன தோட்டங்க சுத்துப்பட்டுல எத்தனையோ. இதை எழுதச் சொன்னா பிள்ளைங்க 'தி ரப்பர் ட்ரீஸ் பிகேம் ஆயில் பாம்'னு எழுதுறாங்க. மரம் மரமா மாறல, ஒண்ணை வெட்டிட்டு இன்னொண்ணை நட்டாங்க. இதுக்கு என்ன?

டெஸல்_மாணவி எழுதியது:

'ரப்பர் கேவ் வே டு ஆயில் பாம்' அண்ணே, ஒண்ணு வழி விட்டு இன்னொண்ணு வந்துச்சு. தோட்டத்தைச் சொல்றதா இருந்தா 'தி எஸ்டேட் வாஸ் ரீபிளான்டட் வித் ஆயில் பாம்'. பிகமுக்கு ஒரே ஆளு ரெண்டு நெலமையிலயும் இருக்கணும், நேத்து பொண்ணா இருந்தவ இன்னிக்கு டீச்சர், ஆளு அதே ஆளு. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆச்சுன்னாலும் ஊரு அதே ஊரு. பால்மரம் செம்பனை ஆகாது, அதனால பிகம் அங்க பொய்யா ஆயிரும்.

ஆனா பால் வெட்டுறதுல ஒரு நல்ல எக்ஸாம்பிள் இருக்கு. மங்குல (பால் சேருற கிண்ணம்) எடுக்காம விட்ட பால் உறைஞ்சு கட்டிப்பால் ஆயிரும். பால் அதே பால்தான், நெலம மாறுது. 'தி லேடெக்ஸ் வென்ட் ஹார்ட் இன் தி கப்', இல்லன்னா 'டர்ன்ட் இன்டு எ லம்ப்'. கட்டுரைக்கு கோஆகுலேட்.

பழைய_கிராணி எழுதியது:

நீங்கல்லாம் விட்ட ஒரு பிகம் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். 'வாட் பிகேம் ஆஃப் ஹிம்?' அவருக்கு என்ன ஆச்சு, என்ன ஆனாரு? எல்லா ஆச்சுக்கும் பிகம் வராதுன்னு பேசிக்கிட்டு வந்தோம், ஆனா இந்த ஒரு எடத்துல தமிழ் ஆச்சும் இங்கிலீஷ் பிகமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. வாட், இல்ல வாட்எவர்தான் முன்னாடி வரும், பின்னாடி ஆஃப் வரும், அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு, எப்படி இருக்காருன்னு தெரியாம விசாரிக்குறப்ப மட்டும்தான் வரும். கண்ணு முன்னாடி அடிபட்டு நிக்குறவனைப் பாத்து கேக்குறது இது இல்ல, அதுக்கு 'வாட் ஹேப்பன்ட்'.

1950கள்லயும் 60கள்லயும் வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்தைத் துண்டு துண்டா வித்தப்ப, துண்டாடல்னு சொல்லுவோம், எத்தனை குடும்பம் லயத்தைக் காலி பண்ணிட்டுப் போச்சு. அந்த நெலம் கை மாறிப் போகக்கூடாதுன்னுதான் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு தொழிலாளிங்க காசுலயே தோட்டம் வாங்குனாரு. ஆனா போனவங்க போனவங்கதான். பெரட்டுல (காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற எடம்) பேரு கூப்பிட்டா பதில் சொன்ன ஆளுங்க, அவங்க பிள்ளைங்க, எங்க போனாங்கன்னு யாருக்கும் முழுசா தெரியாது. 'வாட் பிகேம் ஆஃப் தெம்?' இந்தக் கேள்விய நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ்ல சரியா கேக்கக் கத்துக்கணும். கேக்கத் தெரிஞ்சாதான் ஆர்க்கைவுக்கு லெட்டர் எழுதலாம், ஆராய்ச்சி பண்ணலாம். மார்க்குக்காக மட்டும் இதைச் சொல்லல.

பசார்_ஆண்டி எழுதியது:

எங்க அத்தை குடும்பம் அப்படித்தான் ஐயா போச்சு. கோலாலம்பூர்ல புறம்போக்கு நெலத்துல வீடு போட்டு இருந்தாங்கன்னு கடைசியா கேள்விப்பட்டோம். பிள்ளைங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் குடுங்க.

ஃபோர்ம்5_பிள்ளை எழுதியது:

அக்கா, எல்லாத்தையும் வச்சு ஒரு பாரா எழுதுனேன், பாருங்க.

"மை கிராண்ட்மதர் வாஸ் எ டேப்பர். ஷி பிகேம் எ விடோ அட் தர்ட்டி. ஹெர் ஹேர் டர்ன்ட் கிரே ஏர்லி, பட் ஷி நெவர் காட் டயர்ட் ஆஃப் ஒர்க். தென் ரப்பர் கேவ் வே டு ஆயில் பாம் அண்ட் ஹெர் நெய்பர்ஸ் மூவ்ட் அவே. ஷி க்ரூ ஓல்ட் இன் பத்தாங் பெர்ஜுந்தை, விச் பிகேம் பெஸ்தாரி ஜெயா இன் 2007. லாஸ்ட் இயர் ஷி வென்ட் சிக். ஷி ஸ்டில் ஆஸ்க்ஸ், வாட் ஹேஸ் பிகம் ஆஃப் தெம்?"

கடைசியில 'வாட் பிகேம்' போடணுமா 'வாட் ஹேஸ் பிகம்' போடணுமான்னு சந்தேகமா இருந்துச்சு.

டியூஷன்_அக்கா எழுதியது:

நல்லா எழுதியிருக்க அய்யா. 'வென்ட் சிக்' மட்டும் மாத்து, 'ஃபெல் சிக்' எழுது, திரும்பி வர்றது கஷ்டமான கேட்டுக்குத்தான் கோ, ஆளு நோயில விழுந்தா ஃபால்.

உன் சந்தேகத்துக்கு: பாட்டி இப்பவும் கேக்குறாங்க, அவங்க எங்கயாவது உயிரோட இருக்கலாம், பதில் இன்னிக்கும் தேவைப்படுது, அதனால 'வாட் ஹேஸ் பிகம் ஆஃப் தெம்' சரி. 1960ல தோட்டத்தை விட்டவங்களைப் பத்தி சரித்திரக் கட்டுரை எழுதுனா, அது முடிஞ்சு போன காலம், அங்க 'வாட் பிகேம் ஆஃப் தெம்'. வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு வரும்போது பாட்டி கிட்ட அந்த அண்டை வீட்டுக்காரங்க பேரெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு வா, கிராணி ஐயா கிட்ட காட்டுவோம்.